அலஸ்தோட்டத்துல 15 பேர்ச் காணி, கார்போர்ட் எந்தப் பக்கம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது 2022 கடைசியில தொடங்கி 2025 நடுப்பகுதி வரைக்கும் நான் கிட்ட நிண்டு பாத்த ஒரு வேலை. நான் திருமலையில (திருகோணமலை) வீட்டுப் படம் கீறிக் குடுக்கிறவன், இந்த வீட்டுப் படமும் நான்தான் கீறினது, அதால இதில வாற பிழைகள்ல பாதி என்ட பிழை. ஆக்கள்ட பேர் போடேல்ல, தேவையும் இல்ல.

காணி அலஸ்தோட்டத்துல, நிலாவெளி றோட்டுல இருந்து கடல் பக்கமா இறங்கிற ஒரு ஒழுங்கையில. ஒழுங்கை 12 அடி அகலம், அப்ப கிரவல் போட்டுக் கிடந்தது. காணி முகப்பு 50 அடி ஆழம் 80 அடி, மொத்தம் 4000 சதுர அடி, ஒரு பேர்ச் 272.25 சதுர அடி எண்டு பிரிச்சா 14.7 பேர்ச் வரும், ஆனா எல்லாரும் 15 பேர்ச் எண்டுதான் சொல்றது. ஒழுங்கை காணிக்கு வடக்கால போகுது, அதால வடக்கு வாசல் வீடு. கிழக்க ஒரு 400 மீட்டர் போனா கடல்.

வீட்டுக்காரர் ஸ்கூல் வான் ஓடுறவர், ஹயருக்கும் போவார், டொயோட்டா கேடிஎச் ஒண்டு வச்சிருக்கார். மனைவி ரீச்சர், ஸ்கூட்டியில போய் வாறவ. கூட வீட்டுக்காரர்ட அம்மா, கால் ஏலாது, பொல்லு பிடிச்சு நடப்பா. காசில ஒரு பங்கு கனடாவில இருக்கிற அண்ணன்ட, காசு போடுற ஆளுக்கு ஒரு கருத்தும் இருக்கும்தானே, அவருக்கு வீட்டுக்கு முன்னால நடுவில கொங்கிறீற் பிளேட் அடிச்ச பெரிய போட்டிக்கோ வேணும், ரெண்டு தூண் வச்சு.

நான் முதல் கீறின படத்துல கார்போர்ட்டே, அதாவது வாகனம் நிப்பாட்டிற கொட்டிலே, இல்ல. வீடு 34 அடி அகலம், ரெண்டு பக்கமும் 8, 8 அடி விட்டு நடுவில வச்சிருந்தன். வான் எங்க நிக்கும் எண்டு கேட்டதுக்கு "முன்னுக்கு எங்கயாவது ஒரு பத்தி இறக்கலாம் அண்ணா, அது பிறகு பாப்பம்" எண்டார். நானும் சரி எண்டு விட்டுட்டன். எங்கட பக்கம் பெரும்பாலும் இப்பிடித்தான் நடக்கிறது, வீடு முழுக்கக் கட்டி முடிஞ்சு மிஞ்சின இடத்துல வாகனத்தைச் சொருகிறது.

மாரியில பாத்தது

எங்கட மனசை மாத்தினது ஒரு சின்ன நட்டம். 2022 நவம்பர்ல மதில் வேலைக்கு எண்டு கொஞ்சம் சீமெந்து இறக்கி, காணிக்குள்ள கிழக்குப் பக்கமா தகரத்துல ஒரு கொட்டில் அடிச்சு வச்சாங்கள். வாடைக்காத்தோட மழை வந்து மூண்டு நாள் அடிச்சுது, போய்ப் பாத்தா கிழக்கும் வடக்கும் பாத்த பக்கத்தால சாரல் அடிச்சு ஆறு பை கல்லாப் போயிட்டுது, அதே கொட்டில்ல மேற்குப் பக்கம் அடுக்கின பைகளுக்கு ஒண்டும் ஆகேல்ல. சீமெந்து விலை ஏறிக்கிடந்த நேரம் அது, மனுசன் தலையில கை வச்சிட்டார்.

அதுக்குப் பிறகுதான் ரெண்டு பேருமா இருந்து யோசிச்சம். திருமலையில மழை பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகை மார்கழி, அது வடகிழக்கால வாறது. வைகாசி தொடங்கி ஆவணி புரட்டாசி வரைக்கும் கச்சான், அது மேற்கு தென்மேற்கால புழுதியோடயும் சூட்டோடயும் வரும். கடல் உப்புக்காத்து கிழக்கால. இந்த மூண்டையும் காணிப் படத்துல அம்புக்குறி போட்டுக் கீறிப் பாத்தா, கிழக்குப் பக்கம் வாகனம் நிப்பாட்டினா மழையும் உப்பும் ரெண்டும் நேர விழும். மேற்குப் பக்கம் எண்டா வீடே ஒரு மறைப்பு, மழைக்கும் உப்புக்கும். கச்சான் மட்டும் அடிக்கும், ஆனா கச்சான்ல மழை குறைவு.

வெயிலும் பாத்தம். நாங்க இருக்கிறது வடக்கு அகலக்கோடு எட்டரை பாகையில, சித்திரை வருசப்பிறப்பை அண்டி சூரியன் நேர உச்சிக்கு வரும், பிறகு ஆவணி மட்டும் மத்தியானத்துல கொஞ்சம் வடக்கால சாஞ்சுதான் போகும். அதால எங்களுக்கு வீட்டைக் கொதிக்க வைக்கிறது பின்னேர வெயில், மேற்குச் சுவர். அந்தச் சுவருக்கு ஒரு கூரை வந்தா வானுக்கும் நிழல், வீட்டுக்கும் நிழல்.

தண்ணி நிக்கிற இடத்தையும் அந்த மழையிலயே வீட்டுக்காரர் ஃபோன்ல படம் எடுத்து வச்சார். மணல் தரைதான், கெதியில இழுத்திரும், ஆனா வடமேற்கு மூலையில ஒழுங்கைத் தண்ணி உள்ள வந்து ஒரு மணித்தியாலம் அளவு நிண்டுது. இந்த விசயத்தைப் பிறகு திரும்பவும் சொல்ல வேண்டி வரும்.

பாத்த நாலு இடம்

அண்ணன் கேட்ட நடு போட்டிக்கோவை முதல்ல எடுத்தம். பாக்க வடிவுதான். ஆனா வடக்கால வாற வெளிச்சமும் காத்தும் ஹோலுக்கு வாற ஒரே வழி அது, அதுக்கு முன்னால வான் நிண்டா ஹோல் இருட்டு. அதோட விடிய அஞ்சரைக்கு வானை ஸ்டார்ட் பண்ணி வச்சா டீசல் புகை நேர விறாந்தையால உள்ள போகும், அம்மா படுக்கிறது முன் அறையில. அதைவிட வீட்டுப் படத்துக்கு அனுமதி குடுக்கிற உள்ளூர்ச் சபையில வீதிக்கோடு கட்டடக்கோடு எண்டு இருக்கு, அந்தக் கோட்டுக்கு அங்கால நிரந்தரக் கட்டடம் கட்ட விடமாட்டாங்கள், போட்டிக்கோவை முன்னுக்குத் தள்ள ஏலாது எண்டா வீட்டைப் பின்னுக்குத் தள்ளவேணும். கனடாவுக்கு வீடியோ கோல் எடுத்துக் காட்டினம். "அப்ப வீட்டுக்கு ஒரு முகம் வேணாமா" எண்டு கொஞ்சம் மனவருத்தப்பட்டார், பிறகு விறாந்தைக்கு ரெண்டு தூண் வச்சுக் குடுக்கிறம் எண்டதும் அடங்கிட்டார்.

பின் வளவு எண்டது ரெண்டாவது. அதுக்கு 60 அடிக்கு மேல பாதை விடவேணும், பின்னால மலசலகூடக் குழி வருது, அதுக்கு மேலால வான் ஏறி இறங்கக்கூடாது. அதோட விட்டம்.

கிழக்குப் பக்கம் சீமெந்தோடயே போயிட்டுது. ஈசான மூலையில கிணறும் வருது, குடிதண்ணிக் கிணத்துக்குப் பக்கத்துல வாகனம் கழுவி ஒயில் சிந்துறது சரியில்ல.

மேற்குப் பக்கம் மிச்சம். ஒரு வேடிக்கை என்னண்டா அம்மா ஏற்கனவே சாத்திரியாரிட்டக் கேட்டு வச்சிருந்தா, அவர் வாகனம் வாயு மூலை எண்டு சொல்லியிருக்கார், அதாவது வடமேற்கு. நாங்க ஒரு மாசம் காத்தும் மழையும் பாத்து வந்த இடத்துக்கு அவ ஒரு வெத்திலைச் சுருளோட வந்து நிண்டா. நான் ஒண்டும் பேசேல்ல.

வானை வச்சே அளந்தது

மேற்குப் பக்கம் எண்டு முடிவான பிறகு எவ்வளவு அகலம் எண்ட கேள்வி. கேடிஎச் நீளம் கிட்டத்தட்ட 4.7 மீட்டர், பதினஞ்சரை அடி. அகலம் 1.7 மீட்டர், அஞ்சரை அடிக்குக் கொஞ்சம் கூட. 8 அடிக்குள்ள வான் போகும், ஆனா கதவு திறந்து ஆள் இறங்க ஏலாது, அதுவும் பொல்லு பிடிச்ச ஆள். ரெண்டு பக்கமும் இறங்க இடம் விட்டா 11 அடி வேணும். அதால வீட்டை கிழக்கால தள்ளி, ஸ்ரோர் அறையில ஒரு அடி குறைச்சு, கிழக்க 5 அடி, வீடு 33 அடி, மேற்க 12 அடி எண்டு மாத்தினம். நாள்கல் வைக்கிறதுக்கு முந்தி எண்டதால கயிறு மாத்திக் கட்டினதோட வேலை முடிஞ்சுது.

படத்துல சரிவந்தாலும் எனக்குத் திருப்தி இல்ல, ஏனெண்டா 12 அடி ஒழுங்கையில இருந்து வான் திரும்பி உள்ள வரவேணும், எதிர்ப்பக்கமும் மதில். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை சுண்ணாம்புத் தூளால வீட்டையும் வான் நிக்கப்போற கொட்டிலையும் நிலத்துல கீறினம், கேற் தூணுக்குப் பதிலா ரெண்டு பழைய பீப்பாய் வச்சம், வீட்டுக்காரர் வானை எடுத்து றிவேர்ஸ்ல விட்டுப் பாத்தார். 10 அடி கேற்றுக்கு ரெண்டு தரம் பீப்பாயைத் தட்டினார், இவ்வளவுக்கும் அவர் இருபது வருசமா வான் ஓடுற மனுசன். 12 அடிக்கு முன்னுக்கும் பின்னுக்கும் மூண்டு தரம் எடுத்தார். 14 அடிக்கு ஒரே வெட்டுல உள்ள வந்துது. கடைப்பக்கம் போன ஆக்கள் எல்லாம் நிண்டு பாத்தாங்கள், ஒரு பெரியவர் "என்ன தம்பி லைசன்ஸ் எடுக்கப் போறியா" எண்டும் கேட்டார்.

எதுக்கு றிவேர்ஸ்ல உள்ள போறது எண்டா, வெளிய வரேக்க முகம் ஒழுங்கையைப் பாத்து வரவேணும். அந்த நேரம் சைக்கிள்ல பள்ளிக்கூடப் பிள்ளைகள் போற நேரம். அதுக்காகவே கேற்றுக்கு ரெண்டு பக்கமும் கொஞ்சத் தூரத்துக்கு மதிலை 3 அடி உயரத்தோட நிப்பாட்டினம், மிச்சம் 6 அடி.

வடமேற்கு மூலையில கரண்ட் கம்பம் ஒண்டு நிக்குது, மூலையில இருந்து 3 அடி தள்ளி. அதை மாத்திறதுக்கு விண்ணப்பம், காசு, நாள், அதால கேற்றை மூலையில இருந்து 4 அடி விட்டுத் தொடங்கினம். கேற் உள்பக்கமா திறக்கிறது எண்டா நிக்கிற வானைத் தட்டும், வெளிப்பக்கம் ஒழுங்கைக்குத் திறக்கவும் கூடாது, அதால தள்ளுற கேற்.

முன் மதில்ல இருந்து 22 அடி தள்ளித்தான் கொட்டில் தொடங்குது. இதுக்கு ரெண்டு காரணம். ஒண்டு, கேற் பூட்டின பிறகும் கொட்டிலுக்கு முன்னால இன்னொரு வாகனம் வெளியில நிக்கலாம், சொந்தக்காரர் வந்தா. மற்றது பக்கத்து வளவுத் தென்னை. அது மதிலுக்கு மேலால சரிஞ்சு எங்கட காணிக்குள்ள எட்டிப் பாக்குது, முன் மதில்ல இருந்து ஒரு 15 அடியில. வெட்டச் சொல்லிக் கேக்க அம்மா விடேல்ல, காய்க்கிற மரத்துல கை வைக்கக்கூடாதாம். அதால மரத்தை விலத்திக் கொட்டிலைப் பின்னுக்கு எடுத்தம்.

கட்டினது

கொட்டில் 20 அடி நீளம். ஒரு பக்கம் வீட்டுச் சுவர்ல பிடிப்பு, மற்றப் பக்கம் ஜீஐ பைப் (நாகம் பூசின இரும்புக் குழாய்) தூண், மேல அமானோ சீற் எண்ட கூரைத் தகடு, சாய்வு மேற்கு மதில் பக்கமா, விளிம்புல பீலி. பதிஞ்ச பக்கம் 8 அடி உயரம், வான் கரியரோட போகவேணும். 2020 டிசம்பர் 2 ராத்திரி புரெவிப் புயல் திருமலைக்கு வடக்கால கரையேறினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு, அதால தூண் அடிக்கு 2 அடி ஆழத்துல கொங்கிறீற் போட்டு பிளேட் வச்சு நட் பூட்டினம். பக்கம் திறந்த கூரைக்குக் கீழால காத்துப் புகுந்து தூக்கும், பாரம் கீழ்நோக்கி வாறதை விட இதுதான் பயம்.

கொட்டில் பக்கம் படுக்கை அறை ஜன்னல் ஒண்டும் வைக்கேல்ல, ஸ்ரோரும் பாத்றூமும் மட்டும்.

அம்மாவுக்கு எண்டு ஒரு விசயம் செய்தம், எனக்கு இந்த வேலையில ஆகப் பிடிச்சது அதுதான். வீட்டுத் தரை ஒழுங்கையில இருந்து 2 அடி உயரம், கொட்டில் தரை 6 இஞ்சி, அப்ப வித்தியாசம் 18 இஞ்சி. படி வச்சா மூண்டு படி. சாய்தளம் எண்டா 1 இஞ்சி ஏற 12 இஞ்சி நீளம் வேணும், அப்ப 18 அடி. கொட்டிலுக்குள்ள அதுக்கு இடம் இல்ல, ஆனா கொட்டிலுக்குப் பின்னால வீட்டுச் சுவரோட இன்னும் 20 அடி சும்மா கிடந்தது, அதில 4 அடி அகலத்துல சாய்தளம் போட்டு குசினிக் கதவுக்கு விட்டம், பிடிச்சு நடக்க ஒரு பைப்பும். வான்ல இருந்து இறங்கி நனையாம கொஞ்சத் தூரம், பிறகு சாய்தளம். பக்கத்துல 12 அடி விட்டிருக்காட்டி இது வந்திருக்காது.

படம் சபைக்குக் குடுக்கேக்க கொட்டிலையும் கீறியே குடுத்தம். பிறகு கட்டலாம் எண்டு விட்டா சீஓசீ, அதாவது கட்டி முடிஞ்ச பிறகு சபை குடுக்கிற சான்றிதழ், எடுக்கிற நேரம் படத்துல இல்லாத கட்டடம் எண்டு நிக்கும்.

நடந்தது

2024 தையில குடிபூரல். முதல் நாலு மாசம் எல்லாம் நல்லம். சித்திரை வெயில்ல அம்மா என்னைக் கூப்பிட்டு "மகன், இந்தச் சுவர்ல கை வச்சுப் பாருங்க, பிறகு அங்க போய் அந்தச் சுவர்லயும் வச்சுப் பாருங்க" எண்டா. கொட்டிலுக்குக் கீழ வாற சுவர் சாதாரணமா இருந்துது, அதே மேற்குச் சுவர் கொட்டில் முடிஞ்ச பிறகு கை வைக்க ஏலாத சூடு.

ஆனியில கச்சான் பலக்க சீற் விளிம்பு தடதட எண்டு அடிக்கத் தொடங்கிட்டுது, ராவில நித்திரை இல்ல. விளிம்புல ஸ்குறூ இடைவெளி விட்டுப் பூட்டியிருந்தான் வேலை செய்தவன். சீற்ட ஒவ்வொரு மேட்டிலயும் ஸ்குறூ பூட்டின பிறகு நிண்டுது.

பெரிய பிழை மழையோட வந்துது. 2024 நவம்பர் கடைசிக் கிழமை, பிறகு பெஞ்சல் எண்டு பேர் வச்ச அந்தத் தாழமுக்கம் கிழக்குக் கரையோரமாப் போன நாட்கள். கொட்டில் பீலி நிரம்பி மதிலுக்கு அங்கால பக்கத்து வளவுக்குள்ள கொட்டிச்சுது, அவங்கட கோழிக்கூடு தண்ணிக்குள்ள. அவங்கள் சண்டைக்கு வரேல்ல, ஆனா முகம் சரியில்ல. நான் போய்ப் பாத்துக் கணக்குப் போட்டா பிழை என்ட. நான் பீலிக்குக் கொட்டில் கூரையை மட்டும் கணக்கெடுத்திருந்தன், 10 அடிக்கு 20 அடி, 200 சதுர அடி. வீட்டுக் கூரையில மேற்குச் சாய்வும் அந்தச் சீற்றுக்கு மேலதான் விழுது எண்டதை யோசிக்கேல்ல, அது 18 அடிக்கு 20 அடி, 360 சதுர அடி. மொத்தம் 560 சதுர அடி, 52 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தா ஒரு லீற்றர், ஒரு மணித்தியாலத்துல 50 மில்லிமீட்டர் பெய்ஞ்சா 2600 லீற்றர் தண்ணி ஒரு 4 இஞ்சிப் பீலிக்கு வருது, நான் கணக்கெடுத்ததை விட கிட்டத்தட்ட மூண்டு மடங்கு. வீட்டுக் கூரைக்குத் தனிப் பீலி போட்டு, கொட்டில் பீலியைப் பெரிசாக்கி, ரெண்டையும் பின் வளவுல கல் நிரப்பின குழிக்கு இறக்கினம். மணல் தரை எண்டதால குடிச்சிரும். அந்தச் செலவுல பாதி நான் போட்டன்.

அந்த மழையிலயே மற்றதும் தெரிஞ்சுது. 2024 நடுவில ஒழுங்கைக்கு கொங்கிறீற் போட்டாங்கள், அது 5 இஞ்சி உயர்ந்துட்டுது. எங்கட கொட்டில் தரை 6 இஞ்சி, முன்னுக்கு 4 இஞ்சி சாய்வு வேற. அப்ப வாய்ப்பக்கம் ஒழுங்கையை விடப் பதிஞ்சு போச்சுது. 2022ல படம் எடுத்து வச்ச அதே மூலையால தண்ணி உள்ள வந்துது. கேற்றுக்குக் குறுக்கால கான் வெட்டி கம்பி மூடி போட்டிருக்கு இப்ப, சாதாரண மழைக்குக் காணும்.

துரு ஒரு வருசத்துல வந்துது, பைப்ல இல்ல, வெல்டிங் பிடிச்ச இடத்துல. வெல்டிங் சூட்டுல நாகப் பூச்சு எரிஞ்சு போகுது, அதுக்கு மேல சும்மா ரெட் ஒக்சைட் பூசி விட்டிருந்தம். ஸ்குறூத் தலையளும் அப்பிடித்தான்.

ஒரு தேங்காயும் விழுந்தது, காத்துக்கு, சீற் ஒண்டு பள்ளம்.

இனிச் செய்யிறதெண்டா

கொட்டில் தரையை ஒழுங்கையில இருந்து ஒரு அடி ஆவது உயர்த்துவன், கிரவல் ஒழுங்கை எண்டா என்றைக்கோ ஒரு நாள் கொங்கிறீற் வரும் எண்டு வச்சுத்தான் மட்டம் எடுக்கவேணும். கடலுக்குக் கிட்ட எண்டா இரும்புத் தூணை விட்டு கொங்கிறீற் தூண், அல்லது வெல்டிங் பிடிச்ச இடத்துக்கு நாகம் கலந்த பெயின்ற், ஸ்குறூ ஸ்டெயின்லெஸ். கூரைத் தண்ணிக் கணக்கு, மேல இருந்து எதெது அதுக்குள்ள விழுது எண்டு பாத்துப் போடவேணும். 14 அடி கேற், றிவேர்ஸ், பீப்பாய் வச்சுப் பாத்தது, பக்கத்துல 12 அடி, இதுகள் ஒண்டையும் மாத்தமாட்டன்.

ஒண்டு மட்டும் எனக்கு இன்னும் தீரேல்ல. 2023ல படம் முடிக்கேக்க ரெண்டு வாகனத்துக்கு அகலமாப் போடுவமா எண்டு நான் கேட்டன். 2020 மார்ச்ல இருந்து வாகன இறக்குமதி தடை, பழைய வாகனம் ஆனை விலை, "இனி எங்கட சீவியத்துல இன்னொரு வாகனம் எங்க அண்ணா" எண்டார். நானும் விட்டன். 2025 பெப்ரவரியில தடை எடுத்தாச்சு, அண்ணன் காசு அனுப்பினார், ரீச்சருக்கு ஒரு பாவிச்ச வாகன்ஆர் கார் வந்துது. நீளம் 3.4 மீட்டர், சின்ன வாகனம்தான், ஆனா இடம் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு. வான் விடிய அஞ்சே முக்காலுக்கு வெளிக்கிடும், கார் ஏழு மணிக்கு. முதல் போறது முன்னால நிக்கவேணும்.

அதால இப்ப கொட்டிலுக்குள்ள வாகன்ஆர், வான் வெளிய. சரியா அந்தத் தென்னைக்குக் கீழ. முன்னுக்குச் சீற் நீட்டலாமா எண்டு கேட்டார், கட்டடக்கோடு விடாது எண்டன். பக்கத்து வீட்டுக்காரர் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா தேங்காய் பறிப்பிக்கிறார், முதல் நாள் பின்னேரம் மதிலால எட்டி "தம்பி, நாளைக்கு வானை எடுத்து விடுங்க" எண்டு சொல்லிட்டுப் போறார்.